ஓய்வு பெறும் ஃபூட்டி வீரரின் முதல் ஓராண்டு

ஆகஸ்ட் வந்தால் ஆஸ்திரேலியாவில் ஓய்வு அறிவிப்புகள் வரிசையாக வரும். ஃபூட்டி எனப்படும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் உச்சத் தொடரான ஏ.எஃப்.எல்.லின் வழக்கமான சுற்றுகள் அந்த மாதத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். பத்துப் பதினைந்து ஆண்டு ஒரே கிளப்புக்கு ஆடியவரைச் சக வீரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். இறுதி ஆட்டத்தன்று மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில், அந்த ஆண்டு விடைபெறுபவர்களை வண்டியில் ஏற்றி வலம் வரச் செய்வார்கள். வழியனுப்புதல் குறைவில்லாமல் நடக்கிறது. அதற்கு அடுத்த பன்னிரண்டு மாதங்களில் அந்த உடம்பை யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் குறை இருக்கிறது. விளையாட்டுப் பிசியோதெரபி பார்க்கிறவர்களுக்குப் பழக்கமான குறை இது. முன்கூட்டித் திட்டமிட்டால் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியதும்கூட.

எல்லோரும் தாங்களாக முடிவெடுத்து விலகுவதில்லை. நார்த் மெல்பர்ன் கிளப் 2016 ஆகஸ்ட்டில் பிரென்ட் ஹார்வி, ட்ரூ பெட்ரி, நிக் டால் சான்டோ, மைக்கேல் ஃபிரிட்டோ ஆகிய நால்வருக்கும் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் இல்லை என்று அறிவித்தது. ஹார்விக்கு அப்போது 38 வயது. 432 ஆட்டங்களோடு அவருடைய கணக்கு முடிந்தது. பெட்ரி இன்னோர் ஆண்டு வெஸ்ட் கோஸ்ட் கிளப்பில் ஆடினார். அதே வெஸ்ட் கோஸ்ட் கிளப்பின் நிக் நைட்டனூயியை 2023இல் நிறுத்தியது குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் தசைநாண். மெல்பர்ன் கிளப்பின் ஆங்கஸ் பிரேஷா தலையில் பட்ட அடிகளால் 2024 பிப்ரவரியில், 28 வயதிலேயே ஆட்டத்தை விட்டார். திட்டமிட்டு விலகுகிறவருக்கும் திடீரென்று விலக்கப்படுகிறவருக்கும் மனநிலை வேறுவேறாக இருக்கலாம். உடம்பு எதிர்கொள்ளும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான்: நேற்றுவரை மருத்துவர், பிசியோ, மசாஜ் செய்பவர், உணவு ஆலோசகர், உடற்பயிற்சிப் பயிற்சியாளர், உளவியலாளர் என்று பலர் கவனித்த உடம்பு, ஒப்பந்தம் முடிந்த மறுநாள் யார் பொறுப்பிலும் இல்லை.

அந்த நாள் அக்டோபர் 31. ஏ.எஃப்.எல். ஒப்பந்த ஆண்டு அன்றோடு முடிகிறது. அறுவை சிகிச்சை ஏதாவது பாக்கி இருந்தால், கிளப் மருத்துவரிடம் செப்டம்பரிலேயே பேசித் தேதி வாங்கிவிட வேண்டும். முழங்காலில் கிழிந்த ஜவ்வு, தோளில் தளர்ந்த மூட்டு, கணுக்காலில் மிதக்கும் எலும்புத் துணுக்கு போன்றவற்றை “சீசன் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுவது வழக்கம். தேதி நவம்பருக்குப் போகிறது என்றால், செலவு யாருடையது, அதற்குப் பிந்தைய பிசியோதெரபி எத்தனை மாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது, ஏனென்றால் கிளப் மருத்துவரும் மாறிப்போகலாம். பெரும்பாலான ஆஸ்திரேலிய மாநிலங்களில் தொழில்முறை விளையாட்டு வீரர்களுக்கு, மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள வேலையிட விபத்து இழப்பீட்டுச் சட்டம் பொருந்தாது. இருபது ஆண்டு கழித்து மூட்டு மாற்ற வேண்டி வந்தால் அந்தக் கதவைத் தட்ட முடியாது. வீரர்கள் சங்கத்தின் காயம் மற்றும் இடர்கால நிதி முன்னாள் வீரர்களுக்காகவும் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போதும் முதலில் தேவைப்படுவது பழைய மருத்துவ ஆவணங்கள்தான்.

எங்களைக் கேட்டால், விடைபெறும் வீரர் செய்ய வேண்டிய முதல் வேலை தன் மருத்துவக் கோப்பின் முழு நகலைக் கையில் வாங்குவது. விக்டோரியா மாநிலத்தில் 2001ஆம் ஆண்டின் மருத்துவப் பதிவுச் சட்டப்படி அதைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. அதே சட்டப்படி, வயதுவந்தவரின் பதிவைக் கடைசிச் சிகிச்சையிலிருந்து ஏழு ஆண்டு வைத்திருந்தால் போதும், அதன்பின் அழித்துவிடலாம். 34 வயதில் ஓய்வு பெற்றவருக்கு முழங்கால் உண்மையில் தொல்லை கொடுக்கத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

சுருக்கமாக ஒரு பக்கக் கடிதம் தருவார்கள். அதோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது. ஒவ்வோர் அறுவை சிகிச்சைக்கும் அறுவைக் குறிப்பு வேண்டும்: ஏ.சி.எல். என்னும் முழங்காலின் முன் குறுக்குத் தசைநாரைக் கட்டியிருந்தால், தொடையின் பின்தசையான ஹாம்ஸ்ட்ரிங்கிலிருந்து எடுத்த தசைநாணா, முழங்கால் சில்லின் கீழிருந்து எடுத்ததா, செயற்கை இழையா. உள்ளே என்ன திருகு, எந்த உலோகம். மறுபடி கத்தி வைக்கப்போகும் மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான். எம்.ஆர்.ஐ. அறிக்கைகள் மட்டுமல்லாமல் படங்களும் வேண்டும். தலையில் அடிபட்ட ஒவ்வொரு தேதி, எத்தனை நாள் கழித்து ஆடத் திரும்பினார், சீசன் தொடக்கத்தில் கணினியில் எடுத்த நினைவாற்றல் சோதனைகளின் மதிப்பெண்கள், இசிஜி, ரத்தப் பரிசோதனைகள், போட்டுக்கொண்ட ஊசிகள், மாத்திரைகள் எல்லாம் வேண்டும். இந்தக் கோப்போடு ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்து, அக்டோபருக்குள் ஒருமுறையாவது அரைமணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். பதினெட்டு வயதில் கிளப்புக்குள் நுழைந்த பலருக்கு அதுவரை சொந்தமாக ஒரு ஜி.பி. இருந்ததே இல்லை.

அடுத்தது ஓட்டம். நடுக்கள வீரர் ஓர் ஆட்டத்தில் 12 முதல் 15 கி.மீ. ஓடுகிறார். பயிற்சியையும் சேர்த்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 25, 30 கி.மீ. ஆகும். அதை ஒரே நாளில் பூஜ்யமாக்கும்போது இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து மூச்சுத் தாங்கும் திறன் இறங்குகிறது. தசை வலு அதைவிட மெதுவாகக் குறையும். ஆனால் ஹாம்ஸ்ட்ரிங்குக்காகச் செய்துவந்த நார்டிக் பயிற்சியால் நீண்டிருந்த தசை இழைகள், பயிற்சியை விட்ட சில வாரங்களிலேயே பழையபடி குறுகத் தொடங்கிவிடுகின்றன. வெளியே எந்த மாற்றமும் தெரியாது. கால் பழைய கால் மாதிரியே இருக்கும், மனமும் பழைய வேகத்தையே கேட்கும். ஓய்வு பெற்றவர் ஆறு மாதம் கழித்து ஒரு காட்சி ஆட்டத்தில் முதல் பத்து நிமிடத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனால்தான்.

ஆகவே படிப்படியாக இறங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் நடை, நீச்சல் தவிர எதுவும் வேண்டாம். அதன்பின் ஆறு வாரம் பழைய ஓட்டத்தில் பாதி. பிறகு மூன்றில் ஒரு பங்கில், அதாவது வாரம் 8, 10 கி.மீ.யில், நிலைகொள்ளலாம். முழங்கால் மோசமாக இருப்பவர் அந்த நேரத்தை சைக்கிளுக்கு மாற்றலாம். வலுப் பயிற்சியை மட்டும் வாரம் இரண்டு நாளுக்குக் கீழே விடாதீர்கள். அதில் நார்டிக் வாரம் ஒருமுறை, 6 முதல் 8 தடவையாக இரண்டு சுற்று. மண்டியிட்டு நின்று, ஒருவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, இடுப்பை மடக்காமல் உடம்பை மெல்ல முன்னால் சாய்த்து, தாங்க முடியாத இடத்தில் கையூன்றுவதுதான் அது. இடுப்பு மடங்கிவிட்டால் பயன் பாதியாகக் குறையும். கெண்டைக்காலுக்கு முழங்கால் நீட்டியும் மடக்கியும் 12, 15 தடவை, மூன்று சுற்று.

கெண்டைக்காலை மாதம் ஒருமுறை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, சுவரில் இரண்டு விரல் மட்டும் ஊன்றி, குதிகாலை முழு உயரத்துக்கு ஏற்றி இறக்க வேண்டும். முழங்கால் மடங்கக் கூடாது. உயரம் குறைந்தால் அந்த எண்ணிக்கை சேராது. 25 வந்தால் நல்லது. ஒரு காலுக்கும் மற்றதற்கும் ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், அந்தப் பக்கம் அக்கிலிஸ் காலையில் இறுகுகிறதா என்று கவனிக்க வேண்டும். முப்பதுகளின் பிற்பகுதியில் அக்கிலிஸ் அறுந்துபோகிறவர்களில் பலருக்கு முன்னறிவிப்பான வலியே இருப்பதில்லை. அதனால்தான் வலியை நம்புவதைவிட எண்ணிக்கையை நம்பச் சொல்கிறோம்.

சாப்பாட்டுக் கணக்கு எளிது. ஓட்டத்துக்குச் செலவாகும் சக்தி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கி.மீ.க்கு, சுமார் ஒரு கலோரி. 90 கிலோ எடையுள்ளவர் 13 கி.மீ. ஓடினால் ஏறக்குறைய 1,170 கலோரி. வாரம் 28 கி.மீ. என்றால் 2,500க்கும் மேல். ஓட்டம் நின்று தட்டு மாறாமல் இருந்தால், மூன்று வாரத்துக்கு ஒரு கிலோ என்ற அளவில் எடை ஏறத் தொடங்கும். முதலில் குறைக்க வேண்டியவை ஆட்டத்துக்கு முந்தைய நாள் பழக்கமாகக் குவித்த பாஸ்தா, சோறு, விளையாட்டு பானங்கள். புரதத்தைக் குறைக்க வேண்டாம். எடைக் கருவியைவிட இடுப்பில் சுற்றும் டேப் நம்பகமானது. ஆண்களுக்கு 94 செ.மீ. தாண்டினால் இதய நோய், சர்க்கரை நோய் அபாயம் கூடத் தொடங்குகிறது என்பது ஆஸ்திரேலிய வழிகாட்டுதல்.

முழங்காலுக்கும் இந்தக் கணக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. ஏ.சி.எல். கிழிந்தவர்களில் பாதிப்பேர் அளவில் பத்து முதல் இருபது ஆண்டுக்குள் மூட்டுத் தேய்மானத்தின் அறிகுறிகளைக் காட்டுகிறார்கள். உடம்பில் கூடும் ஒவ்வொரு கிலோவும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் சுமார் நான்கு கிலோ சுமையாகிறது. 10 கிலோ ஏறினால் 40 கிலோ. எங்கள் கணிப்பில், ஓய்வுக்குப் பின் முழங்காலுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, ஊசியோ தைலமோ அல்ல, முதல் ஆண்டில் எடையைப் பிடித்து நிறுத்துவதுதான். ஆட்ட விதிகளை வகுப்பவர்களும் முழங்காலைக் கருதி விதியையே மாற்றியிருக்கிறார்கள். நடு வட்டத்தில் பந்துக்காகத் தாவும் ரக்மேன்கள் நெடுந்தூரம் ஓடிவந்து முழங்காலோடு முழங்கால் மோதியதில் பி.சி.எல். என்னும் பின் குறுக்குத் தசைநார்க் காயங்கள் பெருகின. 2005இல் 10 மீட்டர் வெளிவட்டம் போட்டு ஓடிவரும் தூரத்தைச் சுருக்கினார்கள். அதற்கு முன் ஆடிய ரக்மேன்கள் முழங்காலின் பின்புறத் தளர்வைக் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரைகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சீசன் முழுக்க வலி நிவாரணி விழுங்கிப் பழகியவர், ஆட்டம் நின்ற பிறகும் அதைக் காலை காப்பிபோல் தொடர்கிறார். இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் வகைகளை வாரக்கணக்கில் தினமும் எடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம் மூன்றும் வரக்கூடும். கோடீன் கலந்தவை 2018 பிப்ரவரியிலிருந்து ஆஸ்திரேலியாவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைப்பதில்லை. ஓய்வு பெற்றபின் இரவில் கோடீனோ தூக்க மாத்திரையோ இல்லாமல் படுக்க முடியவில்லை என்றால், அது முழங்கால் பிரச்சினை மட்டுமல்ல. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிப் படிப்படியாக நிறுத்த வேண்டும். மதுவுக்கும் அளவு உண்டு: வாரம் 10 நிலையான அளவுக்கு (ஓர் அளவு என்பது 10 கிராம் ஆல்கஹால்) மேல் வேண்டாம், ஒரே நாளில் 4க்கு மேல் வேண்டாம் என்பது அரசு வழிகாட்டுதல். சீசன் முடிவில் நடக்கும் “மேட் மண்டே” கொண்டாட்டம் ஒரு நாளோடு நின்றால் சரி.

தலைக்காயம் இந்த ஆட்டத்தின் மிகக் கனமான பகுதி. முன்னாள் வீரர்கள் கிரஹாம் ஃபார்மர், டேனி ஃப்ராலி, ஷேன் டக் ஆகியோரின் மூளைகளில் அவர்கள் இறந்தபின் சி.டி.இ. என்னும் மூளைச் சிதைவு நோய் கண்டறியப்பட்டது. டக் 2020இல் இறந்தபோது வயது 38. பெண்கள் தொடரில் ஆடி, 28 வயதில் இறந்த ஹெதர் ஆன்டர்சனின் மூளையிலும் அதே நோய் கண்டறியப்பட்டது. உயிரோடு இருப்பவருக்கு இந்த நோயை உறுதிசெய்யும் சோதனை இன்றுவரை இல்லை. இதில் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. மறதி, எரிச்சல், தூக்கமின்மை வந்ததும் “எனக்கும் அதுதான்” என்று முடிவுகட்டி மருத்துவரிடமே போகாமல் இருப்பது ஒன்று. மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சடைப்பு, மது, தைராய்டு ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும். அவை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. முதலில் அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். மற்றது இதற்கு நேரெதிர்: தலைக்காயத்தால் ஏ.எஃப்.எல்.லை விட்டவர், கிராமத்து லீக் தானே என்று மறுபடி களம் இறங்குவது. அங்கே வேகம் குறைவு, ஆனால் மோதுகிற தலை அதே தலை. மைதானத்தில் மருத்துவரும் பெரும்பாலும் இருப்பதில்லை. உள்ளூர் ஆட்டங்களில் மூளை அதிர்ச்சிக்குப் பின் குறைந்தது 21 நாள் இடைவெளி வேண்டும் என்பது 2024இலிருந்து விதி. மருத்துவர் ஆட வேண்டாம் என்றே சொல்லி அனுப்பியவருக்கு அந்த 21 நாள் பொருந்தாது. அவருக்கு மோதல் உள்ள ஆட்டமே கிடையாது. பயிற்சியாளராக இருக்கலாம், பயிற்சியாளரின் செய்தியைக் களத்துக்குள் ஓடிச் சொல்லும் ரன்னராக இருக்கலாம்.

தலை நன்றாக இருப்பவர்கள் உள்ளூர் கிளப்புக்குப் போவதில் தடையில்லை. கூடவே வருமானமும் ஊர்ப் பழக்கமும் கிடைக்கும். ஆனால் பிப்ரவரியிலேயே தயாரிப்பைத் தொடங்க வேண்டும்: வாரம் ஒருநாள் 40 மீட்டர் விரைவோட்டம், ஐந்தாறு தடவை, முதலில் முக்கால் வேகம், ஆறாவது வாரத்தில் ஏறக்குறைய முழு வேகம். உதைப்பதையும் எண்ணிக்கை வைத்துக் கூட்டுங்கள். 20 உதையில் தொடங்கி வாரத்துக்குப் பத்து பத்தாக ஏற்றினால் கவட்டைத் தசை பழகிக்கொள்ளும். ஓடிப் பழகியவர்கள்கூட உதைப்பதைத் திடீரென்று கூட்டித்தான் கவட்டை வலியோடு வருகிறார்கள்.

மனம் தளரும் காலம் பலர் நினைப்பதுபோல் கடைசி ஆட்டத்துக்கு மறுநாள் அல்ல. அப்போது தொலைபேசி ஓயாது. நவம்பரில் பழைய கூட்டாளிகள் பிரீ-சீசனுக்குத் திரும்பும்போதும், மார்ச்சில் முதல் சுற்று தொடங்கும்போதும்தான் வெறுமை தெரியும். அதுவரை எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, எங்கே நிற்பது எல்லாம் கிளப் அனுப்பிய அட்டவணையில் இருந்தது. வீட்டில் இருப்பவர்கள் இந்த இரண்டு மாதங்களையும் நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால், ஆட்களைத் தவிர்க்கத் தொடங்கினால், ஜி.பி.யிடம் மனநலச் சிகிச்சைத் திட்டம் கேளுங்கள். அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் உதவியோடு ஆண்டுக்கு 10 முறை வரை உளவியலாளரைப் பார்க்கலாம். வீரர்கள் சங்கமும் முன்னாள் வீரர்களுக்கு ஆலோசனை தருகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் லைஃப்லைன் 13 11 14 இருபத்துநான்கு மணி நேரமும் எடுக்கும். மனைவியோ நண்பரோ அவருக்காக அழைத்து வழி கேட்கலாம்.