ஜைரோ: சுற்றும் வளையத்துக்கு ஒட்டிக்கொண்ட பெயர்

சிறு சக்கரங்களோடு பந்தயத்துக்கும் வித்தைக்கும் ஓட்டும் பிஎம்எக்ஸ் சைக்கிள் பக்கம் போனால் முதல் வாரத்திலேயே காதில் விழும் சொல் ஜைரோ. "ஜைரோ இருக்கா?", "முதல்ல அந்த ஜைரோவைக் கழட்டு" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கேட்டால் ராக்கெட்டுக்குள் வைக்கும் நுண்கருவி போலிருக்கும். பார்த்தால் ஹேண்டில் பாருக்குக் கீழே, சட்டத்தின் கழுத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒரு பேரிங் வளையம். அவ்வளவுதான்.

சாதாரண சைக்கிளில் பின் பிரேக் ஒயர் லிவரிலிருந்து கிளம்பி நேரே பின் சக்கரத்துக்குப் போய்விடும். ஹேண்டிலை இடமும் வலமும் கொஞ்சம் திருப்புவதற்கு ஒயரில் இருக்கும் தொய்வே போதும். பிஎம்எக்ஸில் கதை வேறு. வண்டி காற்றில் இருக்கும்போதே ஹேண்டிலை முழுச் சுற்றாகச் சுழற்றிவிட்டு மறுபடி பிடிக்கும் வித்தை ஒன்று உண்டு. பார் ஸ்பின் என்பார்கள். ஒயர் நேரே போயிருந்தால் முதல் சுற்றில் அது கழுத்தில் மாலை போடும். அடுத்தடுத்த சுற்றில் இறுக்கும். அப்புறம் ஹேண்டில் திரும்பாது. இந்த முறுக்கலுக்கு மருந்தாக 1980களின் நடுவில் பிரையன் ஸ்குரா என்ற அமெரிக்கர் உருவாக்கியதுதான் ஜைரோ. ஒடிசி என்ற சைக்கிள் பாக நிறுவனத்தின் விற்பனைப் பெயராக இருந்தது, நாளடைவில் பொருளுக்கே பெயராகிவிட்டது. யார் செய்த இயந்திரத்தில் நகலெடுத்தாலும் நாம் ஜெராக்ஸ் என்று சொல்வதைப் போல.

வளையம் இரண்டு பாதி. மேல்பாதி ஹேண்டிலோடு சேர்ந்து சுற்றும். கீழ்ப்பாதி சட்டத்தோடு நிற்கும். லிவரிலிருந்து வரும் ஒயர் இரண்டாகப் பிரிந்து மேல்பாதியை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். கீழ்ப்பாதியிலிருந்து இறங்கும் இரண்டு ஒயர்கள் பின் பிரேக்குக்குப் போகும் வழியில் ஒன்றாகிவிடும். லிவரை இழுத்தால் வளையம் மொத்தமும் சில மில்லிமீட்டர் மேலெழும். அது கீழ் ஒயர்களை இழுக்கும். ஹேண்டில் எத்தனை சுற்று சுற்றியிருந்தாலும் இழுப்பு மாறாது. நல்ல யோசனைதான், சந்தேகமில்லை.

சரி, பெயருக்கு வருவோம். கிரேக்கத்தில் கூரோஸ் என்றால் வட்டம், வளையம். அது லத்தீன் வழியாக இத்தாலிய மொழிக்குப் போய் ஜிரோ என்றாகி, சுற்று, வலம் என்ற பொருளைப் பெற்றது. 1909இல் தொடங்கிய ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தின் பெயரில் இருப்பதும் இதே சொல்தான். 1852இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ பூமி சுழல்வதைக் காட்ட ஒரு கருவி செய்து அதற்கு ஜைரோஸ்கோப் என்று பெயரிட்டார். 'ஸ்கோப்' என்ற பின்பாதிக்குப் பார்ப்பது என்று பொருள். குழப்பம் இங்கேதான் ஆரம்பம். ஜைரோ என்றதும் வேகமாகச் சுழன்றுகொண்டே தன் அச்சை விட்டுக்கொடுக்காத சக்கரம், அதனால் வரும் சமநிலை என்றெல்லாம் மனம் ஓடுகிறது. பிஎம்எக்ஸ் ஜைரோவில் அது எதுவும் கிடையாது. அது இருந்தால் வண்டி ஆடாமல் நிற்கும் என்று நம்பியவர்கள் உண்டு. அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்.

தமிழில் என்ன சொல்லலாம்? ஜைரோஸ்கோப்புக்கு வழங்கும் 'சுழல்காட்டி'யை இங்கே ஒட்டவைக்க முடியாது. இந்த வளையம் எதையும் காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு டீடேங்லர் என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. அதை அப்படியே எடுத்தால் 'சிக்கெடுப்பான்'. சிக்கு நல்ல சொல். தலைமுடியில் விழுவதும் நூலில் விழுவதும் அதுதான்; சிக்கலும் அதன் உறவு. ஆனால் விழுந்த சிக்கை எடுப்பது சீப்பின் வேலை. இந்த வளையம் சிக்கு விழவே விடாது. 'முறுக்குத் தடுப்பான்' என்றால் பொருள் சரி, ஆனால் தடுப்பான் என்பது பிரேக்கையும் குறிக்கலாம். ஒரே கம்பியில் இரண்டு தடுப்பான்கள் எதற்கு? என் தேர்வு 'சுழல்வளையம்'. சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் வளையம் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. மூலச் சொல்லின் வட்டம், வளையம் என்ற பொருளும் உள்ளேயே இருக்கிறது. சமநிலை, ராக்கெட் போன்ற பிரமைகள் இல்லை.

பிரேக்கை நான் தொட மாட்டேன். அது ஆளிச் செடித் தண்டை நசுக்கும் கருவியின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். குதிரையின் கடிவாளத்தைக் குறித்த பழைய சொல் ஒன்றும் கலந்திருக்கலாம் என்பார்கள். எப்படி வந்திருந்தாலும் தமிழ் அதற்குச் சரியான வினையைச் சேர்த்துவிட்டது: பிரேக் பிடிக்கிறோம், பிரேக் பிடிக்கவில்லை என்கிறோம். ரிம்மைப் பிடிப்பதுதானே அதன் வேலை. ரிம்மில் உரசும் ரப்பருக்குப் பிரேக் கட்டை என்று பெயர். கட்டை ரப்பராகி எவ்வளவோ காலமாகியும் மரத்தின் பெயர் போகவில்லை.

பெயர் தெளிவானால் தேர்வும் தெளிவாகும். முழுச் சுற்று சுழற்றாத வண்டிக்குச் சுழல்வளையம் வெறும் சுமை. பந்தய பிஎம்எக்ஸில் யாரும் ஹேண்டிலைச் சுழற்றுவதில்லை. அங்கே பின்னால் ஒரு வி-பிரேக் (சக்கரத்தின் இரு பக்கமும் நீளக் கைகள் நிமிர்ந்து நிற்பது), நேரே ஒரு ஒயர், முடிந்தது. வித்தை வண்டியில் பெரும்பாலும் யூ-பிரேக். இந்த பிரேக்கின் கைகள் டயருக்கு மேலே வளைந்து ஒட்டி நிற்பதால் ஓட்டுபவர் காலில் தட்டாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வி-பிரேக்குக்கு அதிக நீளம் இழுக்கும் லிவர், யூ-பிரேக்குக்குக் குறைவாக இழுக்கும் லிவர். மாற்றிப் போட்டால் ஒன்று பிரேக் பிடிக்கும் முன்பே லிவர் கைப்பிடியில் முட்டும், அல்லது எவ்வளவு அழுத்தினாலும் பிடி பலமாக இருக்காது. எல்லா பிரேக்கையும் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். மைதானத்துக்குள் அது அவரவர் பாடு. வாகனங்கள் ஓடும் சாலையில் வேண்டவே வேண்டாம்.

சுழல்வளையம் வேண்டும் என்று முடிவு செய்தால், அதன் கீழ் ஒயர்களைத் தாங்கும் காதுகளை மாட்டக் கழுத்தில் திருகு துளைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மாட்டிய பிறகு லிவரைப் பாதி இழுத்தபடி ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். விரலுக்கடியில் லிவர் ஏறி இறங்கினால் வளையம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இரு பக்க ஒயரும் ஒரே நீளத்தில் இல்லை என்று அர்த்தம். ஒயரின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகான அட்ஜஸ்டரை அரைச் சுற்று திருகுவது, மறுபடி சுற்றிப் பார்ப்பது என்று ஒரு மாலைப்பொழுது போய்விடும். மலிவான வண்டிகளில் இந்தச் சாய்வோடு காலம் தள்ளுவோர்தான் அதிகம். பிரேக் மந்தமாக இருப்பதற்குக் காரணம் கட்டை தேய்ந்தது என்று நினைத்துக் கட்டையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

புதிதாக ஓட்ட வருபவர் கேட்டால் நான் சொல்வது இதுதான்: வளையத்தையும் அதன் ஒயர்களையும் கழற்றுங்கள். ஒரே ஒரு நீள ஒயரை லிவரிலிருந்து கழுத்துக்கு முன்னால் தாராளமாக ஒரு வளைவு விட்டுப் பின் பிரேக்குக்குக் கொண்டுபோங்கள். உரசும் இடங்கள் குறைவதால் பிடி உடனே கூர்மையாகும். வளைவில் இருக்கும் தொய்வு ஒரு சுற்றுக்குத் தாங்கும், சில வண்டிகளில் இரண்டுக்கும் தாங்கும். இந்தப் பக்கம் சுற்றியதை அடுத்த தடவை எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கு அவிழ்ந்துவிடும். அந்த வண்டியில் சிக்கெடுப்பான் என்ற பெயர் உங்கள் கைக்குத்தான் பொருந்தும்.