வெட்டுப் பலகைக்குச் சட்டம் போடாதீர்கள்

வறண்ட கச்சான் காற்றுத் தொடங்கி மூன்று கிழமைகூட ஆகவில்லை, நடுவே பிளந்த வெட்டுப் பலகை ஐந்தாவது என் பட்டறைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர் கல்முனைப் பக்கத்துத் தம்பி ஒருவர். தாயாருக்கென்று தன் கையால் செய்த முதல் சாமான். போன மாரியில் தேக்குத் துண்டுகளை ஒட்டி, நாலு பக்கமும் முதிரை மரத்தில் சட்டம் போட்டு, மூலைகளை 45 பாகையில் பொருத்தியிருக்கிறார். கைவேலை சுத்தம். ஆனால் நடுவில் ஒரு ரூபாய்க் குற்றி நுழையும் அளவுக்கு வெடிப்பு. "பசை சரியில்லை போல, அண்ணன். நல்ல பசை ஒன்று சொல்லுங்க" என்கிறார்.

பசை இல்லை தம்பி, சட்டம்.

அறுத்து, சீவி, ஒட்டிய பிறகும் மரம் காற்றின் ஈரத்தை இழுக்கும், விடும். மாரியில் இறுகி நிற்கும் உங்கள் வீட்டு அறைக்கதவு கச்சானில் தள்ளியதும் திறக்கிறதே, அதுதான் இது. நாரின் நீளவாக்கில் மரம் அசைவது இல்லை என்றே சொல்லலாம். அசைவதெல்லாம் நாருக்குக் குறுக்கே. ஒரு அடி அகலத் தேக்குப் பலகை மாரிக்கும் கச்சானுக்கும் இடையில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். தலைப்பில் குறுக்கே ஒட்டிய சட்டத் துண்டின் நாரோ அந்தத் திசையில் ஓடுகிறது, அதனால் அது நீளவும் மாட்டாது, குறுகவும் மாட்டாது. பலகை சுருங்கப் பார்க்கிறது, சட்டம் விடமாட்டேன் என்கிறது. அப்புறம் என்ன, வெடிக்கும். இதையே கச்சானில் செய்திருந்தால் மாரி வந்ததும் மூலைகள் வாய் பிளந்திருக்கும். பசையைக் கூட்டினால் நிற்கும், ஆணி அடித்தால் நிற்கும் என்று இன்னும் வாதாடுகிறவர்கள் ஒரு பழைய பலகைக் கதவைப் போய்ப் பாருங்கள். நடுப்பலகை சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் பசையே இல்லாமல் சும்மா நிற்கும். அந்தத் தச்சர்கள் சோம்பலில் அப்படி விடவில்லை.

ஆகவே, நார் எல்லாம் ஒரே திசையில் ஓட, துண்டுகளைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டுங்கள். நீர் தாங்கும் பசையாக இருக்கட்டும். சட்டம் வேண்டாம். அழகுக்கு விளிம்பைக் கொஞ்சம் உருட்டினால் போதும்.

பச்சை மரத்தை ஒரு கிழமை வெயிலில் போட்டுவிட்டு "காய்ந்துவிட்டது" என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. நிழலில், காற்றோட்டத்தில், ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்பது எங்கள் கணக்கு.

என்ன மரம் என்று கேட்பீர்கள். தேக்கு, மகோகனி, பலா எல்லாம் சரி. இறைச்சிக் கடைக்காரருக்குப் புளியங்குற்றி. புதிதாகப் பழகுகிறவரின் உளிக்கு அது ஆகாது. எனக்குப் பிடித்தது வேலியோரத்துப் பூவரசு, உணவில் மணமோ சுவையோ ஏற்றாது. (இலங்கையில் பலாவை வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும், வளவில் நிற்பது உங்கள் மரமே என்றாலும்.) சாமான் இறக்கிய பலட் பலகையைத் தொடாதீர்கள். 'எம்.பி.' (MB) முத்திரை இருந்தால் மெதில் புரோமைட்டுப் புகையூட்டியது. முத்திரை இல்லாவிட்டால் அதன்மேல் என்ன கொட்டியதோ யாருக்குத் தெரியும்?

வார்னிஷ் வேண்டாம், கத்தி பட்டதும் செதிலாக உரிந்து கறிக்குள் போகும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள், ஆனால் அது காய்ந்து இறுகாது, நாளாக ஆகச் சிக்குவாடை அடிக்கும். பார்மசியில் மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பரபினை இளஞ்சூடாக்கி, இரண்டு பக்கமும் தேய்த்து, ஒரு இரவு விட்டுத் துடையுங்கள். கொஞ்சம் தேன்மெழுகு கலந்தால் இன்னும் நல்லது. கழுவும்போதும் இரண்டு பக்கமும் நனையட்டும், ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் வளையும். நிமிர்த்திச் சாய்த்து உலர விடுங்கள். சிங்கில் ஊறப்போடவே கூடாது.

இனிச் சொல்வது கெஞ்சிக் கேட்பது. இரும்பு அறுக்கும் கை கிரைண்டரில் பல் வைத்த மர பிளேட்டை மாட்டாதீர்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்றுச் சுழல்வது அது. பல் மரத்தில் சிக்கினால் மெஷின் உங்களை நோக்கித் துள்ளும், ஸ்விட்சைத் தேட நேரம் இருக்காது. என்னிடம் வேலை பழகிய ஒரு பிள்ளை, கவரையும் கழற்றிவிட்டு, வீட்டில் அப்படி அறுக்கப் போனார். இன்று இடது பெருவிரல் மடங்காது, சட்டைப் பொத்தானை மனைவிதான் பூட்டிவிடுகிறார். பத்துத் துண்டு அறுக்க ஒரு கைவாள் போதும் தம்பிமாரே. அரை நாள் கூடப் போகும், போகட்டும்.

கல்முனைத் தம்பியின் பலகையில் சட்டத்தை அறுத்தெடுத்து, வெடிப்போடு இரண்டாக்கி, சீவி, மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். அகலம் அரை அங்குலம் போயிற்று. முதிரைத் துண்டுகள் நாலையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன், தாயாரின் படத்துக்கு நல்ல சட்டமாகும்.