பெரிய பை எங்கே கிழிகிறது?

செப்டம்பர் மாதம், அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலுள்ள லேக் ஹூட் ஏரி. மிதவை பொருத்திய சிறு விமானங்கள் வேட்டைக்காரர்களை ஏற்றிக்கொண்டு அங்கிருந்து கிளம்பும். மூஸ் என்னும் மிகப் பெரிய மானை வேட்டையாட அனுமதி உள்ள பருவம் அது. சாலையே இல்லாத ஆற்றங்கரையில் இறங்கி, பல நாள் கூடாரத்தில் தங்கித் திரும்புவார்கள். விமானி ஆளையும் மூட்டையையும் எடைபோட்டுத்தான் ஏற்றுவார். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியைக் கண்டால் அவர் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. 1947-இல் முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் பீவர் போன்ற விமானங்களின் உடல், வால் பக்கம் போகப்போகக் குறுகும். அந்தச் சந்தில் துணிப்பை நெளிந்து உட்காரும், பெட்டி உட்காராது. வேட்டைப் பயணத்தில் டஃபல் பை எனப்படும் உருளை வடிவத் துணிப்பைக்கு இன்றும் இருக்கும் மவுசுக்கு இதுவே முதற்காரணம்.

அப்படியொரு பையை வாங்கப் போகிறவர்கள் துணியின் தடிமனையும் லிட்டர் கணக்கையும்தான் முதலில் கேட்கிறார்கள். என் கருத்தில் அவை இரண்டாவதாகப் பார்க்க வேண்டியவை. துணியின் நடுப்பகுதி கிழிந்து வீணாகும் பைகள் குறைவு. துணியும் துணியும், துணியும் ஜிப்பும், துணியும் கைப்பிடியும் சேரும் இடங்களில்தான் பை தோற்கிறது.

இருந்தாலும் லிட்டர் கணக்கை முதலில் முடித்துவிடலாம், அதில் ஒரு சுவையான வரம்பு ஒளிந்திருக்கிறது. பல விமான நிறுவனங்கள் சரக்கறையில் போடும் பைக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. என்று எல்லை வைத்திருக்கின்றன. இந்தக் கூட்டுத்தொகைக்குள் அதிகபட்சக் கொள்ளளவு தரும் வடிவம் கனசதுரம். அதற்கே சுமார் 146 லிட்டர்தான் வரும். ஆகவே 150 லிட்டர் பையை முழுக்க நிரப்பினால், அது எந்த வடிவத்தில் இருந்தாலும் எல்லையைத் தாண்டியே தீரும். டஃபல் பையோ உருளை. 80 செ.மீ. நீளமும் 39 செ.மீ. விட்டமும் கொண்ட உருளை சரியாக 158-இல் நிற்கும்; அதன் கொள்ளளவு ஏறத்தாழ 95 லிட்டர். விமானத்தில் போகிறவர்களுக்கு 90 லிட்டரை ஒட்டிய பையே போதும் என்று நான் சொல்வதன் அடிப்படை இந்தக் கணக்குதான். சரக்கறைப் பைக்குப் பல நிறுவனங்கள் வைக்கும் 23 கிலோ எடை வரம்பையும் மறக்கக் கூடாது. பை மட்டுமே 2 கிலோ என்றால் மிச்சம் 21 கிலோ. பெரிய பையில் இடம் மீதமிருக்க, தராசு முந்திக்கொள்ளும்.

துப்பாக்கியை இந்தப் பையில் வைக்க முடியாது. அமெரிக்க விமானப் பாதுகாப்பு விதிப்படி, அது குண்டு நீக்கப்பட்டு, பூட்டிய கெட்டிப் பெட்டியில், முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுத்தான் பயணம் செய்ய வேண்டும். டஃபல் பைக்குள் போகிறவை கூடாரம், உறங்கு பை, பூட்ஸ், மழைச்சட்டை, இருகண் நோக்கி போன்றவை.

மென்மையான பை இவற்றை எப்படிக் காக்கிறது? ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் நசுங்குவதற்குள் அது நின்றுவிட்டால், அதன்மேல் விழும் சராசரி விசை அதன் எடையைப்போல் நூறு மடங்கு. ஐந்து சென்டிமீட்டர் நசுங்கி நின்றால் இருபது மடங்குதான். கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் வைத்த இருகண் நோக்கி பிழைப்பதும், பையின் அடித்துணியை ஒட்டி வைத்தது உடைவதும் இதனால்தான்.

துணியைப் பற்றிச் சொல்லும்போது டீனியர் என்ற அளவு வரும். ஓர் இழையின் 9,000 மீட்டர் நீளம் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ, அத்தனை டீனியர். 1000 டீனியர் நைலான் என்றால், ஒன்பது கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ. இது தடிமனுக்கான அளவு மட்டுமே, வலிமைக்கானது அல்ல. ஒரே டீனியரில் பாலியெஸ்டரைவிட நைலான் உராய்வைப் பொதுவாக நன்றாகத் தாங்கும். நீண்ட நாள் வெயிலில் கிடந்தால் பாலியெஸ்டர் நைலானைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். கூடாரத்துக்குள் கிடக்கப்போகும் பையா, திறந்த படகில் காயப்போகும் பையா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இதற்குமேல் துணியில் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஜிப்புக்கு வருவோம். இங்கேதான் இயற்பியல் தன் வேலையைக் காட்டுகிறது. இறுக்கித் திணித்த உருளைப் பை, உள்ளிருந்து அழுத்தம் தள்ளும் ஒரு குழாய். மெல்லிய சுவர் கொண்ட, இருபுறமும் அடைத்த உருளையில் சுற்றுவாக்கில் விழும் இழுவிசை, நீளவாக்கில் விழுவதைப்போல் இரண்டு மடங்கு. தண்ணீர் உறைந்து வெடிக்கும் குழாய் நீளமாகப் பிளப்பதற்கு இதுவே காரணம். டஃபல் பையில் ஜிப் ஓடுவதும் அதே நீளவாக்கில்தான். எந்தக் கோட்டில் பை பிளக்கத் துடிக்கிறதோ, அந்தக் கோட்டையே வெட்டித் திறந்து பற்களால் பிடித்து வைத்திருக்கிறோம். துணிமணிகள் திரவம்போல் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதில்லை. ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது. விட்டம் கூடக்கூட, அதே அழுத்தத்துக்கு ஜிப்பின்மேல் விழும் இழுப்பும் கூடும். பெரிய பைக்குப் பெரிய ஜிப் வேண்டும் என்பது இதனால்தான். ஜிப்பின் எண், மூடிய நிலையில் பற்களின் அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் சொல்வது. பெரிய பைக்கு 10-ஆம் எண் பொருத்தம்.

பையைச் சுற்றிக் குறுக்கே வரும் இறுக்குப் பட்டைகளின் பயனும் இங்கே விளங்கும். அவற்றை இழுத்துக் கட்டினால், சுற்றுவாக்கு இழுவிசையைப் பட்டை வாங்கிக்கொள்ளும். ஜிப்புக்கு மிச்சம் குறைவு. முதலில் பட்டையை இறுக்கி, பிறகு ஜிப்பை இழுங்கள். விரல் நோகாமல் மூடும்.

நைலான் சுருள் ஜிப்பில் ஒரு நற்குணம் உண்டு: எங்காவது விலகித் திறந்துகொண்டால், ஓட்டியை, அதாவது பற்களைச் சேர்த்தபடி நகரும் துண்டை, பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னே கொண்டுவந்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். முதலில் தேய்வது பற்கள் அல்ல, ஓட்டிதான். பனியாறு கரைந்து ஓடும் அலாஸ்கா ஆறுகளில் மாவுபோன்ற வண்டல் கலந்திருக்கும். அது ஓட்டிக்குள் புகுந்து அரம்போல் அறுக்கும். ஓட்டியின் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மயிரிழை விரிந்தாலே, அது கடந்து போன பிறகும் பற்கள் சேராமல் நிற்கும். தட்டுகளின் இரு ஓரங்களையும் இடுக்கியால் மெல்ல, மாறி மாறி அழுத்தினால் பயணம் முடியும்வரை தாங்கும். காட்டுக்குள் வேறு பை கிடைக்காத இடத்தில், சின்ன இடுக்கி ஒன்று பையிலேயே இருப்பது நல்லது.

கைப்பிடிப் பட்டை பையின் அடிவரை சுற்றி ஓடுகிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஓடினால் சுமை பட்டையில் தொங்கும். பக்கத் துணியில் இரண்டு அங்குலம் தைத்து நிறுத்தியிருந்தால், 25 கிலோவும் அந்தச் சில தையல்களில் தொங்கும். விமானத்திலிருந்து வெடுக்கென்று இழுக்கும்போது அதன்மேலும் ஏறும்.

நீர் புகாமைக்கு 10,000 மி.மீ. என்றெல்லாம் விளம்பரத்தில் போட்டிருக்கும். பத்து மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம் அது. 25 கிலோ பை, 80-க்கு 20 செ.மீ. அடிப்பரப்பில் ஈரத்தரையில் உட்கார்ந்தால், அழுத்தம் சுமார் 156 மி.மீ. நீர்த்தூணுக்குச் சமம். அடியில் கூழாங்கல் இருந்தால் அந்தப் புள்ளியில் கூடும், அவ்வளவுதான். சுமாரான பூச்சே இதற்குப் போதும். தண்ணீர் நுழைவது ஊசித்துளை வழியாகவும் ஜிப் வழியாகவும்தான். ஆகவே உள்பக்கத்தைப் புரட்டி, தையல்மேல் நாடா ஒட்டியிருக்கிறதா, அல்லது துணியே வெப்பத்தால் உருக்கி இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைவிட அது உண்மை சொல்லும்.

முழுக்க நீர் புகாத பைக்கு ஓர் ஆபத்தும் உண்டு: உள்ளிருக்கும் ஈரமும் வெளியேறாது. பெரிய மூஸ் ஒன்றிலிருந்து 225 கிலோவரை இறைச்சி கிடைக்கும். உடல் சூடு ஆறாத இறைச்சியை இப்படிப்பட்ட பையில் அடைத்தால், வெப்பமும் நீராவியும் சிறைப்பட்டுப் பாக்டீரியா பெருகிவிடும். காற்றுப் புகும் துணி உறையில் தொங்கவிட்டால், ஈரம் ஆவியாகும்போதே இறைச்சி குளிரும். மேற்பரப்பு காய்ந்து ஒரு பொருக்கு படியும். ஓர் உயிரைக் கொன்று பெற்றதைக் கெடவிடுவது எந்த வேட்டைக்காரனுக்கும் வெட்கக்கேடு. அலாஸ்காவில் உண்ணத்தக்க மூஸ் இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவருவது சட்டப்படியும் குற்றம்.

மூடிய பை உதவும் இடமும் இருக்கிறது. உறைபனியில் கிடந்த இருகண் நோக்கியைச் சூடான குடிலுக்குள் வெளியே எடுத்தால், கண்ணாடியில் உடனே நீர் பூக்கும். பையை மூடியபடியே சில மணி நேரம் விட்டால், அந்த நீர் பைக்கு வெளியே படியும், கருவி தப்பிக்கும்.

பையை வீட்டில் எப்படி வைக்கிறோம் என்பதும் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். பல பைகளின் உட்பூச்சு பாலியூரித்தேன். அதில் ஒரு வகை, வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நீராற்பகுப்புக்கு உள்ளாகும். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டுதுண்டாக அறுபடும். சென்னைபோன்ற கடலோர ஊரில் பரணில் சுருட்டிப் போட்ட பை, சில ஆண்டுகளில் பிசுபிசுத்து, உள்ளே செதில் செதிலாக உதிர்வது இதனால்தான். அலாஸ்காவின் குளிரில் நிதானமாக நடப்பது நம் ஊர்ப் புழுக்கத்தில் விரைந்து நடக்கிறது. நன்கு உலர்த்தி, ஜிப்பைத் திறந்தபடியே, மடிக்காமல் தொங்கவிடுங்கள். மடிப்பு விழும் கோட்டில்தான் பூச்சு முதலில் வெடிக்கும்.