ஆயாம்மாவையும் வேன் டிரைவரையும் கூப்பிடுங்கள்

பள்ளிகளில் முதலுதவிப் பயிற்சி என்றால் பி.டி. சாரும் அறிவியல் டீச்சர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் வரட்டும், சந்தோஷம். ஆனால் எல்.கே.ஜி. குழந்தைக்குத் தொண்டையில் இட்லி அடைத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் ஆயாம்மா. வழியில் வலிப்பு வந்தால் வேன் டிரைவர். அவசரப் பிரிவு மருத்துவராக என்னைப் பயிற்சிக்கு அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பதே, “அவங்க வர்றாங்களா?” என்பதுதான்.

சொல்லிக்கொடுப்பது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்கச் செய்துபார்க்க வேண்டும். பொம்மையின் நெஞ்சை அழுத்தச் சொன்னால் முதலில் எல்லோரும் தடவித்தான் கொடுப்பார்கள். ஓர் ஆயாம்மா சேலையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டு அழுத்திப் பார்த்துவிட்டு, “இவ்வளவு அழுத்துனா புள்ளைக்கு எலும்பு ஒடிஞ்சிடாதா டாக்டர்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒடிந்த எலும்பைச் சேர்த்துவிடலாம். கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் இல்லாமல் கிடக்கும் பிள்ளைக்கு நம் கைதான் இதயம். நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 5 செ.மீ. உள்ளே போக வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்தில் யாருக்கும் கை சோர்ந்துவிடும். அதனால் இடைவெளி விடாமல் ஆள் மாறுவதையும் சேர்த்தே பழக வேண்டும்.

வலிப்பு வந்தவர் மாதிரி ஒரு டீச்சரைப் படுக்கவைத்தால், யாராவது ஒருவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடிவருவது நிச்சயம்! இரும்பால் வலிப்பு நிற்காது. வாயில் ஸ்பூனும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கழுத்து டையைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. புரையேறினால் உச்சந்தலையில் தட்டும் பழக்கமும் இப்படித்தான். குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இரும விடுங்கள். சத்தமே வராமல் திணறினால், குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வெளியே வராவிட்டால், பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்ளும் மேலுமாக 5 அழுத்தம். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக்கூடாது.

தீ ஒத்திகை தனிக் கதை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. அப்படியிருந்தும் பல இடங்களில் ஒத்திகை என்றால், முதல் நாளே சுற்றறிக்கை, வரிசையாக நடந்துவரும் பிள்ளைகள், ஒரு போட்டோ, அவ்வளவுதான். சொல்லாமல் மணி அடித்துப் பாருங்கள். ஒரு மாடிப்படியை அடைத்துவிட்டு, “இந்தப் பக்கம் புகை” என்று சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டை யார் மைதானத்துக்குக் கொண்டுவருகிறார், தலைகளை யார் எண்ணுகிறார் என்று கவனியுங்கள். ஒரு பள்ளியில் இப்படிச் செய்தபோது பின் கேட் பூட்டியிருந்தது. சாவி தாளாளர் அறையில், அந்த அறையும் பூட்டு!

108-க்குப் போன் செய்வதையும் ஒத்திகை பாருங்கள். “யாராச்சும் கூப்பிடுங்க” என்று கத்தினால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ஒருவரைக் கைகாட்டி, “நீங்க கூப்பிடுங்க” என்று சொல்ல வேண்டும். அவர் ஊர், தெரு, பக்கத்தில் என்ன கடை என்பதைச் சொல்லிப் பழகட்டும்; இன்னொருவர் கேட்டுக்குப் போய் நிற்கட்டும்.

வருடத்துக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தால் ஆறே மாதத்தில் பாதி மறந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆசிரியர் கூட்டம் முடிந்ததும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கூட்டத்துக்கு வராத ஆயாம்மாவையும் டிரைவரையும் அதற்கு மட்டும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.