இரு நகரங்களுக்கு இடையே விமானத் தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

டோக்கியோவும் லாஸ் ஏஞ்சலஸும் வடக்கு அட்சரேகை 35 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. அந்த அட்சரேகை வழியாகவே பசிபிக்கைக் கடந்தால் சுமார் 9,300 கி.மீ. பறக்க வேண்டும். தட்டையான வரைபடத்தில் நேராகத் தெரியும் இந்தப் பாதை குறுக்குவழி அல்ல. உலக உருண்டையில் இரு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கே 48 டிகிரி வரை ஏறி இறங்கும். நீளம் 8,800 கி.மீ.தான். பூமியின் மையம் வழியாக வெட்டினால் கிடைக்கும் பெருவட்டத்தின் ஒரு துண்டு அது.

கணக்குப் போட ஹாவர்சைன் சூத்திரம் போதும். அட்சரேகை வித்தியாசத்தில் பாதிக்கு சைன் கண்டு வர்க்கமாக்க வேண்டும். தீர்க்கரேகை வித்தியாசத்துக்கும் அப்படியே செய்து, இரு அட்சரேகைகளின் கோசைன்களாலும் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அது எந்தக் கோணத்தின் சைன் என்று ரேடியனில் கண்டு, அதை 2ஆலும் பூமியின் சராசரி ஆரமான 6,371 கி.மீ.ஆலும் பெருக்கினால் தூரம். நம் இரு நகரங்களுக்கு அட்சரேகை வித்தியாசம் பூஜ்ஜியம், தீர்க்கரேகை வித்தியாசம் 102 டிகிரி என்று வைத்தால் வர்க்கமூலம் 0.637, கோணம் 0.690 ரேடியன், தூரம் 8,793 கி.மீ.

பிழை பெரும்பாலும் சூத்திரத்தில் வருவதில்லை, எண்களை உள்ளிடும்போதுதான் வருகிறது. 40 டிகிரி 42 நிமிடம் என்பது 40.70, அதை 40.42 என்று எழுதினால் 31 கி.மீ. தவறும். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி விட்டுப்போனால் விடை வேறு கண்டத்துக்கே போய்விடும். இதெல்லாம் சரியாக இருந்தாலும் அரை சதவீதம் வரை பிசகலாம், ஏனென்றால் பூமி துருவங்களில் சற்றே தட்டை: நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கி.மீ. அதிகம். இதையும் சேர்த்துக் கணக்கிடுவது 1975இல் வந்த வின்சென்டி முறை. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பூமியின் ஏறக்குறைய நேரெதிர்ப் பக்கங்களில் உள்ள புள்ளிகளுக்கு, கணக்கு விடை கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பறக்கும் உயரத்தால் கூடுவது சொற்பம். 11 கி.மீ. உயரத்தில் நம் பாதை 15 கி.மீ. மட்டுமே நீளும். மூடிய வான்வெளி அப்படியல்ல. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 9 மணி நேரத்திலிருந்து 13 மணி நேரமாகிவிட்டது.

எரிபொருள் போடுகிறவருக்குத் தரைத் தூரத்தைவிட முக்கியமானது காற்றுக்குள் விமானம் கடக்கும் தூரம். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும் விமானத்துக்கு 100 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் 8,800 கி.மீ.க்கு 11 மணி நேரம் ஆகும். அதற்குள் அது காற்றில் 9,900 கி.மீ. பறந்திருக்கும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 7,920 கி.மீ. போதும். மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஓட்டம் என்ற பலத்த உயரக் காற்றை நம்பித்தான் 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்குக்குப் பதில் பசிபிக் வழியாகத் திருப்பியது. பாதை சுமார் 1,400 கி.மீ. நீண்டது. பயண நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்தது.