நாடா இயக்ககமா, நாடா இயக்கியா?

கணினித் தரவைக் காந்த நாடாவில் எழுதவும் படிக்கவும் உதவும் கருவி டேப் டிரைவ். அதற்குத் தமிழில் ‘நாடா இயக்கி’, ‘நாடா இயக்ககம்’ என இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. நான் இரண்டாவதன் பக்கம். ‘இயக்கி’யை ஏற்கெனவே டிரைவருக்கு, அதாவது கருவியோடு கணினி பேச உதவும் மென்பொருளுக்குக் கொடுத்தாகிவிட்டது. இந்தக் கருவியைக் கணினியில் பொருத்தும்போது அந்த மென்பொருளும் கூடவே வேண்டும். ‘இயக்கிக்கு இயக்கி நிறுவுக’ என்று எழுதினால் படிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

சரி, நாடா? பாவாடை நாடா, நாடாப்புழு, சிவப்பு நாடா, ஒலிநாடா என்று ஊறிப்போன சொல். ஆனால் வடக்கிலிருந்து வந்தது. பைஜாமாவை இடுப்பில் இறுக்கிக் கட்டும் கயிறுதான் இந்தியிலும் உருதுவிலும் அதன் பொருள். ஆங்கில டேப்பும் துணிக்கடைச் சொல்தான். பழைய ஆங்கிலத்தில் குறுகிய துணிக் கீற்றைக் குறித்தது. 1928இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் காகிதக் கீற்றில் காந்தப் பொடியைப் பூசி ஒலியைப் பதிந்தார். கணினிக்கு நாடா வந்தது 1951இல், யூனிவாக் என்ற அமெரிக்கக் கணினியோடு. அது அரை அங்குல அகல உலோக நாடா. அடுத்த ஆண்டே ஐபிஎம் பிளாஸ்டிக் நாடாவைக் கொண்டுவந்தது. இன்று பரவலாகப் புழங்கும் எல்டிஓ என்ற வகை நாடாவும் அதே அரை அங்குலம்தான்.

தமிழில் நாடாவுக்கு இன்னொரு பொருளும் உண்டு. தறியில் ஊடை இழையைச் சுமந்துகொண்டு இடமும் வலமும் ஓடும் கருவியும் நாடாதான். ஜான் கே கண்டுபிடித்த ‘பறக்கும் நாடா’வைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கணினி நாடாவும் அப்படித்தான் ஓடுகிறது. எல்டிஓவின் ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 பேழைக்குள் (கார்ட்ரிட்ஜ்) இருக்கும் நாடாவின் நீளம் 1,035 மீட்டர், கொள்ளளவு 18 டெராபைட். அதை நிரப்ப நாடா முனைக்கு முனை 200 தடவைக்கு மேல் ஓட வேண்டும். கணினி தரவைப் போதிய வேகத்தில் தராவிட்டால் நாடா நின்று, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி ஓடத் தொடங்கும். இதை ஆங்கிலத்தில் ஷூ பாலிஷ் போடுவதோடு ஒப்பிடுகிறார்கள். நமக்குத் தறி இருக்கிறது. பெயர் எதுவானாலும் நாடா தேயும், நேரமும் போகும். தரவை முதலில் வேகமான வட்டில் சேர்த்து, அங்கிருந்து நாடாவுக்குத் தள்ளுவது நல்லது.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நாடா இயக்ககத்துக்கே எஸ்டி0 (st0), என்எஸ்டி0 (nst0) என்று இரண்டு பெயர்கள் தெரியும். முதல் பெயரில் எழுதினால் வேலை முடிந்ததும் நாடா தொடக்கத்துக்குத் திரும்பச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் அடுத்ததை எழுதும்போது முந்தையது அழியும். ‘என்’ சேர்ந்தால் திரும்பச் சுற்றாது, விட்ட இடத்திலேயே நிற்கும். புதிதாக அமைப்பவர்கள் விழும் குழி இது. நாடாவைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூடத் தட்டச்சு செய்யும், பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் (tar) கட்டளையின் பெயரே ‘டேப் ஆர்கைவ்’ என்பதன் சுருக்கம்தான்.

இப்படி நாடாவில் எடுத்துவைக்கும் பேக்கப் என்பதற்குக் காப்புப்பிரதி, காப்பு நகல் என்று எழுதுகிறோம். ‘கா’ என்ற வினையிலிருந்து வந்த காப்பைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. திருவிழாவில் கையில் கட்டுவதும் நூலின் முதலில் பாடுவதும் அதுதான். ஆனால் பிரதி வடமொழி, நகல் அரபு. நாடாவைக் கடனென்று தெரிந்தே வைத்துக்கொண்டவன் இவற்றைத் துரத்தச் சொல்ல முடியாது. இருந்தாலும் ‘படி’ என்ற பழகிய சொல் சும்மாதானே இருக்கிறது? காப்புப்படி என்றால் சுருக்கமாகவும் இருக்கும். ஓலை உளுத்துப்போகும் முன் புது ஓலையில் எழுதிவைத்தார்களே, அந்தப் படியெடுத்தல்.

நாடாவுக்கும் அந்த வேலை தப்புவதில்லை. எல்டிஓ-7 இயக்ககம் இரண்டு தலைமுறை பின்னே போய் எல்டிஓ-5 பேழையைப் படிக்கும். எல்டிஓ-8 ஒரு தலைமுறையோடு நின்றுவிட்டது. எல்டிஓ-6 பேழையை நுழைத்தால் படிக்காது. பழைய இயக்ககம் ஓடும்போதே படியெடுத்துவிட வேண்டும்.