வீடுபேறு: விடுவதா, பெறுவதா?

யாங்கோனில் அனோரத்தா சாலையிலுள்ள காளியம்மன் கோயிலைத் தமிழர் 1871-இல் கட்டினார்கள். அங்கிருந்து பௌத்தக் கோயிலான சூலே பகோடாவுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டு இடத்திலும் கைகூப்பும் தமிழ்க் குடும்பங்கள் பர்மாவில் உண்டு. கோயிலில் கேட்பது மோட்சம். பகோடாவில் கேட்பது நெய்பான். பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள நிப்பானம் பர்மிய நாவில் அப்படி ஒலிக்கிறது. பக்கத்து வீட்டுத் தமிழ்க் கிறித்தவர் இரட்சிப்பு என்பார். இத்தனை சொற்களின் நடுவே வளரும் பிள்ளை, ‘இதைச் சாமி கொடுக்குமா, நாமே அடைய வேண்டுமா?’ என்று கேட்டால் சொற்களின் வேரிலிருந்தே பதில் சொல்லத் தொடங்கலாம்.

மோட்சம், முக்தி இரண்டும் ‘முச்’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்தவை. அவிழ்த்தல், விடுவித்தல் என்பது பொருள். முக்தியைத் தமிழ் நூல்கள் முத்தி என்று எழுதும். நிப்பானத்தின் வடமொழி வடிவமான நிர்வாணத்தின் அடிப்பொருள் அணைந்துபோதல். ஆசை, வெறுப்பு, மயக்கம் என்னும் தீ அணைவது. இன்றைய தமிழில் அப்படியே எழுதினால் ஆடையின்மை என்ற பொருள் முந்திக்கொள்கிறது. இரட்சிப்பு ‘ரக்ஷ்’ என்ற வேரில் பிறந்தது. காப்பது என்று பொருள். காக்க வேறொருவர் வேண்டும். ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல’ என்கிறது விவிலியத்திலுள்ள எபேசியர் நிருபம். அங்கே ஐயத்துக்கே இடமில்லை.

தமிழின் சொல் வீடு. படு பாடாகவும் சுடு சூடாகவும் ஆவதுபோல, விடு என்ற வினை நீண்டு வீடு ஆனது. விடுதலே வீடு. நம்மாழ்வார் திருவாய்மொழியில் ‘வீடுமின் முற்றவும்’ என்று தொடங்கி, எல்லாவற்றையும் விட்டபின் உயிரை அதை உடையவனிடமே ஒப்படைக்கச் சொல்கிறார். விடுவது நாம், ஏற்பது அவன். வள்ளுவரோ வீட்டுக்குத் தனிப்பாலே வகுக்கவில்லை. அது சிந்தையும் மொழியும் செல்லாத நிலை என்பதால், அதற்குக் காரணமான துறவறத்தை மட்டும் சொன்னார் என்கிறார் பரிமேலழகர். எனக்கு மிகவும் பிடித்த உரைப்பகுதி இது. ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்ற குறளும் பற்றை விடுவதற்காகவே ஒரு பற்றைப் பிடிக்கச் சொல்கிறது.

பௌத்தத்துக்கும் இதே சொல் போதும் என்பதற்கு மணிமேகலையே சான்று. ‘இன்பம் வீடே பற்றிலி காரணம்’ என்று நிருவாணத்தைத் தமிழாக்கிவிட்டது. பற்றில்லாமையே காரணம், கொடுப்பவர் எவரும் அந்த வரியில் இல்லை. முயற்சி உங்களுடையது, ததாகதர்கள், அதாவது புத்தர்கள், வழி சொல்பவர்களே என்று பௌத்த நூலான தம்மபதமும் (276) கூறுகிறது. விடுதலைபெற்ற பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயரான ஊ பா கின், 1952-இல் யாங்கோனில் தியான மையம் அமைத்து வேற்று மதத்தாருக்கும் இந்த வழியை, மூச்சைக் கவனிப்பதில் தொடங்கும் தியானமாகக் கற்பித்தார். மண்டலேயில் இந்துக் குடும்பத்தில் பிறந்த விபாசனா தியான ஆசிரியர் கோயங்கா அவரிடம் கற்றவர். மூச்சைக் கவனிக்க மதம் மாற வேண்டியதில்லை என்பது இங்கே நடைமுறையில் தெளிவானது.

ஆனால் நாம் வீடு என்பதோடு நிற்காமல் வீடுபேறு என்கிறோம். பேறு, பெறு என்பதிலிருந்து வருவது. பெறுவதற்குக் கொடுப்பதும் வேண்டும். வைணவம் இந்த இழுபறியை நூற்றாண்டுக்கணக்கில் பேசியிருக்கிறது. தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டி வடகலைக்கு எடுத்துக்காட்டு. தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி தென்கலைக்கு. சைவமும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிகள் வகுத்தாலும் முடிவில் திருவருளையே நம்புகிறது.

என் எண்ணத்தில், பற்றை விடுவதை எந்தத் தெய்வமும் நமக்காகச் செய்து தராது. விட்டபின் கிடைப்பதை அருள் என்று வணங்குவதும், இயல்பு என்று அமைவதும் அவரவர் நெறி. அர்ச்சனைச் சீட்டு வாங்கியதோடு கடமை முடிந்தது என்று இருப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

எழுதும்போது மோட்சம், முக்தி, நிருவாணம் மூன்றுக்கும் வீடு அல்லது வீடுபேறு பொருந்தும். இரட்சிப்புக்கு, பிந்தைய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ஆளும் மீட்பு சரியான சொல். மதம் சுட்டாமல் பொதுவாகச் சொல்ல உய்வு இருக்கிறது. ‘உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு’ என்று வள்ளுவர் ஆண்ட சொல் அது. சொர்க்கத்தை மட்டும் இவற்றோடு சேர்க்கக் கூடாது. இந்து, பௌத்த மரபுகளில் அது துறக்கம், வினைப்பயன் தீர்ந்ததும் திரும்பிவர வேண்டிய இடம்.